கரையில் விழுந்த புள்ளி

பங்குனி ஆமைக்கு மத்தி மீனைவிடக் கணவாய்தான் பிடிக்கும், சார். தோலை உரித்து, விரல் அகலத்துக்கு நறுக்கிப் போட வேண்டும். ஒன்பது மாதம் நான்தான் நறுக்கிப் போட்டேன். நீங்கள் கேட்டது பாண்டியராஜைப் பற்றி. ஆமையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

2005 மழைக்காலத்தில், வலையில் சிக்கி முன்துடுப்பு பாதி அறுந்த நிலையில் அதைக் கொண்டுவந்தார்கள். அடிபட்ட ஆமைகளைத் தேற்றிக் கடலில் விடுகிற ஓர் அறக்கட்டளையில் எனக்கு வேலை. மட்டாஞ்சேரியில் பழைய அரிசிக் கிட்டங்கிக்குள் சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தார்கள். அங்கம்மாள் சேச்சி கையால் கொடுத்தால்தான் அது வாய் திறக்கும் என்று, வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி மஞ்சுஷா சொல்வாள். அங்கே ஆராய்ச்சி செய்த பெண் அவள். பத்திரிகையில் என் படமும் வந்தது.

தேறியதும், அதன் முதுகில் சோப்புக்கட்டி அளவுக் கருவி ஒன்றைப் பசைபோட்டு ஒட்டி, செல்லானம் கரையில் விட்டோம். ஆமை மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் கருவி செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும். கம்ப்யூட்டரில், கடல் வரைபடத்தின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி விழும். தினமும் காலையில் மஞ்சுஷா என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். புள்ளிகள் தெற்கே போயின. பிறகு மேற்கே. முப்பத்தெட்டாம் நாள் புள்ளி கரையில் விழுந்தது. அதுவும் மட்டாஞ்சேரியிலேயே.

யாரோ அறுத்துத் தின்றுவிட்டார்கள் என்று மஞ்சுஷா அழுதாள். நான் விசாரிக்கிறேன் என்று சொன்னேன். சிரமமே இருக்கவில்லை. பாண்டியராஜ் என்கிற படகுத் தொழிலாளி, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைச் சாயாக்கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். தெருவில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நல்ல சத்தம். அவன் தனியாக இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் பாய் விரித்து உட்காரவைத்து, கட்டன் சாயா போட்டுக் கொடுத்தான். குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தான்.

பிறகு கருவியை எடுத்து என் கையில் வைத்தான்.

"கடல்ல தனியா மிதந்துச்சு சேச்சி. பக்கத்துல நம்பர் இருக்கு பாருங்க. ஞாயித்துக்கிழமை விளிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன்."

ஆமையை என்ன செய்தாய் என்று கேட்டேன். கண்ணாலேயே பார்க்கவில்லை என்றான்.

கதவோரம் தேங்காய் உரிக்கிற கடப்பாரை சாத்தியிருந்தது. அவன் கிளாஸைக் கழுவக் குனிந்தபோது பின்மண்டையில் அடித்தேன். டாக்டர் நான்கு அடி என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். ஆறு. இரண்டாவது அடிக்குப் பிறகு என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். பிடி விடுவதற்காக ஓர் அடி விரல்களில் போட வேண்டியிருந்தது. அதை டாக்டர் தனியாகக் கணக்கு வைத்திருக்கலாம். கடைசி அடிக்குத் தேவை இருக்கவில்லை.

குழாயடியில் காலையும் கடப்பாரையையும் கழுவினேன். பக்கத்து வீட்டுக் கங்கா என்னைப் பார்த்தது அப்போதுதான். அவள் உங்களிடம் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அங்கிருந்து ஜெட்டிக்குப் போய் எறணாகுளம் போகிற படகில் ஏறினேன். வெலிங்டன் தீவைத் தாண்டும்போது, கருவியை முந்தானையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டேன். நீர் கடலுக்கு வடிகிற நேரம்.

மறுநாள் காலை புள்ளி துறைமுக வாயிலில் விழுந்தது. அதற்கு மறுநாள் வெளிக்கடலில். மஞ்சுஷா என்னைக் கட்டிக்கொண்டாள். "நம்மட ஆமை ஜீவனோட இருக்கு சேச்சி" என்றாள். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் இரண்டு சாப்பிட்டேன். ஒன்பது நாள் அப்படி நல்லபடியாகப் போனது.

நீங்கள் என்னைப் பிடித்துவந்த அன்று, ஏன் செய்தாய் என்று மஞ்சுஷா கேட்டாள். ஆமைக்காக என்றேன். அவள் நம்பினாள். ஆனால் கையெழுத்துப் போடப்போகிற காகிதத்தில் ஒன்று விட்டுப்போகக் கூடாது.

கருவியை வாங்கியதுமே அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பசை முழுதாக இருந்தது. ஆமை ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பச்சையாகப் பாசி மட்டும் ஒட்டியிருந்தது. வெட்டி எடுத்தால் அப்படி வராது. தானாகவே கழன்றிருக்கிறது. ஒட்டுவதற்கு முந்தின சாயங்காலம் ஆமையின் முதுகோட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பாசியை எடுப்பது என் பொறுப்பு. அன்றைக்குக் கை வலித்தது. மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தபோது பாண்டியராஜும் அதைத்தான் சொன்னான்.

"ஒட்டினவங்க சரியா ஒட்டல சேச்சி."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அதையே போனிலும் சொல்லியிருப்பான்.

ஆமை இப்போது எங்கே என்று கேட்கிறீர்கள். கருவி இல்லாமல் யாருக்கும் தெரியாது. அந்த ஒன்பது நாளும் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமை என்று ஒன்று இருப்பது, சார், நீங்கள் இப்போது கேட்ட பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது.