புத்தகம் எடுக்காத வாசகர்கள்

மாலை ஆறேகால் மணி. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. நடுவில் ஒற்றைச் சாலை... அதில் ஒரு தாயும் மகளும் மட்டும் நடந்து வருகிறார்கள். தாய் மகளின் கையை விடவே இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்தத் தாயின் பெயர் நெனிதா. என் சிநேகிதி ஓஃபெலியாவின் நாத்தனார். சிரிக்காதீர்கள். ஓஃபெலியா என் முகத்தைப் பார்த்துச் சொன்னது இது. இலோய்லோ ஊருக்குப் போகும் படகு விடிந்தால்தான் வரும், துறைமுகத்தில் கரண்டும் இல்லை. மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடியுங்கள், சொல்கிறேன்.

நெனிதா எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தாள். சந்தைக்குப் பின்புறம், பழைய கட்டடம். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துக் கதை படித்துக் காட்டுவாள். அதற்குக் கொஞ்சம் பிள்ளைகள் வரும். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வாசலருகே ஒரு மேசை போட்டு, 'இந்த வாரம் இதைப் படியுங்கள்' என்று எழுதிவைத்துப் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தாள். ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் திடீரென்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாயங்கால வேளையில், இரண்டு பேர், மூன்று பேர். ஒருநாள் ஒரு ஜீப்னி வண்டி நிறைய. மேசையருகே நிற்பார்கள், ஒன்றைக் கையில் எடுப்பார்கள், நாலு பக்கம் புரட்டுவார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நெனிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி ஓடிச் சிபாரிசு செய்தாள்... இது துப்பறியும் கதை, இது கோழி வளர்ப்பு, இது அழவைக்கும். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு எடுத்துப் போங்கள், இலவசம்தான் என்றால் மட்டும், ஐயோ வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. முதலில் திருட்டு என்று நினைத்தாள். பைகளை நோட்டம் விட்டாள். ஒரு புத்தகமும் குறையவில்லை. பிறகு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பாதிப் பேர் கறுப்பு உடை, மீதிப் பேர் வெள்ளை. ஒருவர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். போகும்போது வாசலில் நின்று தோளைத் தட்டிவிட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் போன பிறகும் அறையில் ஒரு வாசனை... உருகிய மெழுகு, லில்லிப் பூ, ஆறிப்போன காப்பி. ஜன்னலைத் திறந்தாலும் அது போகவில்லை.

நெனிதாவுக்கு ஒரே மகள், அமிஹான். எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காது. எழுந்து படி என்றால் அழும். பள்ளி விட்டதும் நூலகத்துக்கு வந்து, அம்மாவின் வேலை முடியும்வரை கதைப் பாயில் உட்கார்ந்திருக்கும். இந்த ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு அந்தப் பிள்ளை சத்தமாகப் படிக்கத் தொடங்கியது. காலிப் பாயைப் பார்த்து, தட்டுத் தடங்கல் இல்லாமல். நெனிதாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. பெற்றவள் அல்லவா.

ஒரு சாயங்காலம்தான் சரியாகக் கவனித்தாள். பிள்ளை பக்கத்தைத் திருப்பிப் படத்தைக் காட்டுகிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, மெதுவாக. பாயில் உட்கார்ந்த குழந்தைகளுக்குக் காட்டுவதுபோலத் தாழ்த்தி இல்லை... கையை முழுக்க உயர்த்தி. காட்டிவிட்டு யாரிடமோ பணிவாகச் சொன்னது:

"இது பிடிக்கலேன்னா அந்தக் கோழி புத்தகம் இருக்கு. அது உங்களுக்குப் பிடிக்கும்."

அந்த நேரம் பார்த்து வாடகை ட்ரைசைக்கிள் ஓட்டும் விர்கீலியோ உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை. நெனிதா வாசலை மறித்து நின்றாள். எழுதப் படிக்க உனக்குத் தெரியாதே, இங்கே என்னடா வேலை என்று கேட்டாள். அவன் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் முழித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்க மாமா செத்துட்டார்ல... நேரா வீட்டுக்குப் போக முடியுமா? ரொட்டிக் கடையில நின்னா ரொட்டி வாங்கணும். இங்க சும்மா நிக்கலாம்."

"நீ மட்டுமா?"

"ஊரே இங்கதான் அக்கா விட்டுட்டுப் போகுது."

நமக்குத் தெரியாததா? துக்கத்துக்குப் போய்விட்டு நேரே வீட்டுக்கு வந்தால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். நடுவில் வேறு ஓர் இடத்தில் நின்று, அவரை அங்கே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். நாமும் விட்டுவிட்டுத்தான் வருகிறோம். விட்டுவிட்டு வந்தவர் அங்கே என்ன செய்வார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததில்லை.

நெனிதா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஓடினாலும் நேரே வீட்டுக்குப் போகலாமா? ரொட்டிக் கடையில் நின்றாள். பெட்ரோல் பங்கில் நின்றாள். தேவாலயப் படியில் நின்றாள். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளையின் தோளை, தலையை, பையைக்கூட உதறிவிட்டாள். அதற்கப்புறம்தான் அந்தக் கரும்புச் சாலை. காற்றே இல்லை. ஆனாலும் தோகை உரசிக்கொண்டே வந்தது. காப்பி வாசனை அடித்ததா, பிரமையா... இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளிலிருந்து மகளை நூலகத்துக்கு அழைத்துப் போகவில்லை, பள்ளி விட்டால் ஓஃபெலியா பார்த்துக்கொண்டாள். நூலக வாசலில் நெனிதா ஒரு சட்டம் போட்டாள்... உள்ளே வந்தால் புத்தகம் எடுத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் வராதே. கூட்டம் காணாமல் போனது. அமிஹானும் பழையபடி வாயை மூடிக்கொண்டது. பள்ளியில் படி என்றால் மறுபடி அழுதது. அது நெனிதாவுக்கு நிம்மதியாக இருந்தது, பாவம். எந்தத் தாய்க்கு இப்படி ஒரு நிம்மதி வரும், சொல்லுங்கள்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். விளக்கு வைத்த நேரம். நெனிதா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஓஃபெலியா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அமிஹான் சாப்பாட்டு மேசையில் பள்ளிப் பாடம் படித்துக்கொண்டிருந்தது, மனசுக்குள்ளேயே. விரல் மட்டும் வரிமேல் நகர்ந்தது, உதடு அசையவில்லை. அப்போது பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் காதிலும் விழுந்தது. பிறகு வயதான ஓர் ஆண் குரல்... கோபமே இல்லை, ரொம்ப மரியாதையாக:

"கொஞ்சம் சத்தமா படிம்மா. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."