எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்

பேசுவோரை அளவோடு நிறுத்த மணியும் கையுமாக இந்த அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய சசிதரன் ஐயா அவர்களே! ரப்பர் பால்மரக் காட்டின் பனியில் அரை நூற்றாண்டு நடந்தும் நடை தளராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! சமையலை முடித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, கூந்தலின் ஈரம் காயுமுன் வந்து சேர்ந்த தாய்மார்களே! கூலிமில் ஷிப்டு முடிந்து, கம்பெனி பஸ்ஸில் கோலா கெத்தில் ஊரில் வந்திறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே இந்த மண்டபத்துக்கு வந்த தம்பிகளே, தங்கைகளே! ஒருநாள் வலையை உலரவிட்டு, கோலா கெடாவிலிருந்து வந்திருக்கும் மலாய் மீனவ நண்பர்களே! உங்கள் அனைவரின் முன்னும் தலைதாழ்த்தி நிற்கிறேன்.

என் பெயர் பரஞ்சோதி. மெர்கோங்கில் குடியிருக்கிறேன். முப்பத்தோராண்டு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சாட்சி அழுதால் அழாமல், வக்கீல் சீறினால் சீறாமல், பிறருடைய சொல்லைப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததே என் தொழில். இன்றுதான் என் சொல்லைச் சொல்ல ஒரு மேடை கிடைத்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது நம் கரைக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிடக்கும் நீரிணையைப் பற்றி. அந்த நீரைச் சுற்றியுள்ள நான்கு நாடுகளின் நாடாளுமன்றங்களைப் பற்றி.

பின்னால் ஓர் அன்பர், "பார்லிமெண்ட் கதையெல்லாம் நமக்கு என்னத்துக்கு லா?" என்கிறார். நல்ல கேள்வி ஐயா! அந்தக் கேள்வியைக் கையிலேயே வைத்திருங்கள். நான் முடித்த பிறகும் அது உங்கள் கையில் இருந்தால், மேடைக்கு வந்து என்னிடம் கேளுங்கள்.

மூன்றாவது வரிசையில், நீலப் புடவையில், தன் மாமியாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் லோகேஸ்வரி. கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தன் கதையை நான் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். "நான் மேடைக்கு வரமாட்டேண்ணே, நீங்களே சொல்லுங்க. ஆனா கூட்டிக் குறைச்சுச் சொல்லாதீங்க," என்று நிபந்தனையும் போட்டிருக்கிறார். கூட்டாமல், குறைக்காமல் சொல்கிறேன்.

அவருடைய கணவர் மனோகரன், படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். தோட்டத்து லாரிப் பட்டறையில் தொழில் பழகி, கோலா கெடா படகுத்துறையில் பெயரெடுத்தவர். நான்காண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பர் காலையில், தாம் சரிசெய்த எஞ்சினைக் கடலில் ஓட்டிப் பார்க்கப் படகுக்காரர் டின் என்பவரோடு போனார். மதியத்துக்குள் திரும்ப வேண்டிய பயணம். பதினொரு மணிக்குச் சுமத்ராப் பக்கமிருந்து திடீர்க் காற்று வந்தது. படகு கவிழ்ந்தது. மீன்பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதந்த டின்னை மறுநாள் வேறொரு படகு மீட்டது. மனோகரனைக் காணவில்லை.

ஒன்பது நாள் தேடினார்கள். பத்தாம் நாள் நிறுத்தினார்கள். தேடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அலை அலையாய்த் தேடினார்கள். நம் கடல் எல்லை வரை தேடினார்கள். ஆனால் தண்ணீருக்குத் தெரியுமா எல்லை? காற்றுக்குத் தெரியுமா கொடி? மனோகரன் எல்லையைக் கடந்து போய்விட்டார்.

அன்று தொடங்கியது லோகேஸ்வரியின் பாடு. தாய்மார்களே, இறந்தவருக்கு அழலாம். பிரிந்தவரைத் திட்டலாம். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு என்ன செய்வது? உடல் இல்லை என்பதால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்பதால் பிள்ளையின் பள்ளி விண்ணப்பப் பாரத்தில் தகப்பன் உயிரோடு இருந்தார், வீட்டில் இல்லை. மாமியார் மருதம்மாள் கருமக்கிரியை செய்ய விடவில்லை. "எம்புள்ள வருவான். நீ பொட்ட அழிச்சே, நான் இந்த வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்," என்றார். லோகேஸ்வரி பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பஸ்ஸில் ஒருத்தி கேட்டாளாம்: "அக்கா, வீட்டுக்காரரு செத்துட்டாருன்னாங்க, நீங்க பொட்டு வச்சிருக்கீங்க?" எழுந்து வேறு இருக்கைக்குப் போக முடியாமல், கூலிம் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.

இப்படி மூன்று ஆண்டு நான்கு மாதம்!

பிறகுதான் லங்காவியில் அந்தக் கூட்டம் கூடியது. நீரிணையைச் சுற்றியுள்ள நான்கு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கடலில் போவோரின் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "புள்ளிவிவரம் போதும், பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தைக் கேட்போம்," என்றார் நம் தொகுதி உறுப்பினர். லோகேஸ்வரியை அழைத்தார்கள். அவர் சொல்வதை மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள்.

ஏழு நிமிடம் தந்தார்கள். தமிழில் பேசினார். அழவில்லை. தேதியைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார், ஏறி இறங்கிய படிகளைச் சொன்னார். முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஓர் அம்மையார் கையை உயர்த்தினார். சுமத்ராவின் வடமுனையிலுள்ள அச்சே மாநிலத்து உறுப்பினர், நூர்ஹயாத்தி என்று பெயர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்றைக்கு அவர் என்ன சட்டை போட்டிருந்தார்?"

அவையோரே, மூன்றாண்டில் எத்தனை அலுவலகம், எத்தனை பாரம், எத்தனை முத்திரை! இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

லோகேஸ்வரி சொன்னார்: "என் சட்டை மேடம். நான் முன்னாடி வேலை செஞ்ச கம்பெனியோட ஊதா சட்டை. எண்ணெய் வேலைக்கு அதத்தான் போட்டுக்குவாரு. பையில என் பேரு தச்சிருக்கும். லோகேஸ்னு."

அம்மையார் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

காற்றடித்த பதினொன்றாம் நாள், அச்சேயின் கரையோரக் கிராமம் ஒன்றில் மீனவர்கள் ஓர் உடலைக் கரைசேர்த்திருக்கிறார்கள். கடலில் கண்ட உடலை விட்டுவிட்டு வருவது அவர்களுடைய வழக்கத்தில் இல்லை. தொழிலை நிறுத்தி, குளிப்பாட்டி, துணி போர்த்தி, தங்கள் முறைப்படி தொழுது, தங்கள் இடுகாட்டிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். மாவட்ட அலுவலகத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாள் அங்கே இருந்தது. லோகேஸ்வரியின் புகார் இங்கே இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நீரிணை இருந்தது. இந்தத் தாளை அந்த நாட்டுக்கு அனுப்பு என்று சொல்ல இரு பக்கமும் ஒரு சட்டம் இல்லை!

லோகேஸ்வரியும், மருதம்மாளும், நானும் போனோம். மீனவர் தலைவர் இப்ராஹிம் எங்களைப் படகுத்துறையில் எதிர்கொண்டு, இடுகாட்டின் தென்னோரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மரப்பலகை. சட்டையில் கண்ட எழுத்தைத்தான் இறந்தவரின் பெயர் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். கறுப்பு வண்ணத்தில் எழுதியிருந்தது: லோகேஸ்.

கணவனின் தலைமாட்டில் தன் பெயரைப் படித்தார் அந்தப் பெண். இரண்டு முறை படித்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். லங்காவியில் அழாத அழுகையை அங்கே அழுதார்.

இப்ராஹிம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மருதம்மாளிடம் ஏதோ சொல்ல வந்தார். மொழிபெயர்க்க நான் முன்னால் போய் நின்றேன். "அம்மா, அவர் எந்தச் சமயம் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த தொழுகையைத்தான் செய்தோம். தவறென்றால் மன்னிக்க வேண்டும்," என்றார். அதைத் தமிழில் சொல்ல நான் வாயைத் திறக்குமுன், தோட்டத்தில் அறுபதாண்டு பழகிய பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், மருதம்மாளே பதில் சொன்னார்: "தெரிமா காசி, அடெக். சாயா பூஞா அனாக், அடெக் சூடா ஜாகா." என் பிள்ளையை நீ பார்த்துக்கொண்டாய் தம்பி, நன்றி என்றார். முப்பத்தோராண்டுத் தொழிலில் எனக்கு வேலையே இல்லாமல் போன இடம் அது ஒன்றுதான்.

அதோடு முடியவில்லை. உறுதிசெய்ய மரபணுப் பரிசோதனை வேண்டும் என்றார்கள், குழியைத் திறந்தார்கள், மருதம்மாளின் மாதிரியோடு ஒத்துப் பார்த்தார்கள். மனோகரன்தான். லோகேஸ்வரி ஊருக்குக் கொண்டுவர நினைத்தார். "அத்த, நம்ம மண்ணுல வச்சுப் புள்ள கையால கொள்ளி போடணும்." மருதம்மாள் மறுத்தார். "ஒருவாட்டி தோண்டுனது போதும்டி. மூணு வருசமா தூங்குனவன எழுப்பாத." கடைசியில் லோகேஸ்வரி விட்டுக்கொடுத்தார். பலகையை மாற்றி, மனோகரன் என்று எழுதி, நட்டுவிட்டு வந்தோம். கருமக்கிரியையை ஊர் திரும்பித் தஞ்சோங் டாவாய்க் கடற்கரையில் செய்தார்கள். விட்டுக்கொடுத்தது சரியா என்று லோகேஸ்வரிக்கு இன்றும் உறுதியில்லை.

ஐந்து மாதத்தில் சான்றிதழ் வந்தது.

பெரியோர்களே! நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கட்டாயக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்களே, அவர்களில் எத்தனை பேர் கிடக்கும் இடம் நமக்குத் தெரியும்? எத்தனை தாய்மார் வாசலைப் பார்த்தபடியே கண் மூடினார்கள்? அது போர்க்காலம், கேட்க ஒரு மன்றம் இல்லை. இன்று மன்றம் இருக்கிறது. நான்கு மன்றம் இருக்கிறது! கேட்க வாய் இருக்கிறதா நமக்கு?

லங்காவி உறுப்பினர்கள் கலைந்துபோகவில்லை. மறுபடி கூடினார்கள், ஒரு வரைவு எழுதினார்கள். உயிரோடு மீட்கப்படுபவர் ஆனாலும், உயிரற்றுக் கரையொதுங்குபவர் ஆனாலும், ஆளில்லாமல் மிதக்கும் படகு ஆனாலும், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் நான்கு நாடுகளுக்கும் செய்தி போக வேண்டும். நான்கு நாடுகளும் பார்க்கும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். அவ்வளவுதான் அந்த வரைவு. இரண்டு நாடாளுமன்றங்கள் நிறைவேற்றிவிட்டன. நம்முடையதில் இன்னும் விவாதத்துக்கே வரவில்லை.

"அதான் போன் போட்டுச் சொல்லிக்கிறாங்களே, சட்டம் எதுக்கு?" என்று வலப்பக்கம் ஓர் அம்மா கேட்கிறார். கேளுங்கள் அம்மா, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன மாதம் நம் கரையில் ஓர் இளைஞனின் உடலும், உடைந்த படகொன்றும் ஒதுங்கின. கோலா கெடா மீனவர்கள் படகின் வண்ணத்தைப் பார்த்து, அச்சேக்காரன் போலிருக்கிறது என்றார்கள். அந்தப் படகுக்காரர் டின் உடனே யாரை அழைத்தார் தெரியுமா? லோகேஸ்வரியை! அன்று அவருக்கு விடுமுறை. அவர் நூர்ஹயாத்தியை அழைத்தார். நூர்ஹயாத்தி இப்ராஹிமை அழைத்தார். ஆறாம் நாள் அந்த இளைஞனின் தகப்பனார் இங்கே வந்து நின்றார். மகனைத் தம் கையால் தூக்கிப் போனார். மூன்று ஆண்டு நான்கு மாதம் எங்கே! ஆறு நாள் எங்கே!

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். யோசியுங்கள்.

அன்று லோகேஸ்வரிக்கு ஷிப்டு இருந்திருந்தால்? கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டு அவர் உள்ளே நின்றிருந்தால்? நாளை நூர்ஹயாத்தி தேர்தலில் தோற்றால்? இப்ராஹிமுக்கு உடம்புக்கு முடியாமல் போனால்? நாலு பேருடைய நல்ல மனத்தின்மேல் ஒரு கடலையே கட்டி வைத்திருக்கிறோமே, இது நியாயமா? நல்ல மனம் அயரும்; நல்ல மனம் மூப்படையும்; நல்ல மனத்துக்கும் விடுமுறை உண்டு. சட்டத்துக்கு விடுமுறை இல்லை! முகம் தெரியாத ஒரு மேசையில், பெயர் தெரியாத ஓர் எழுத்தர், நமக்காக அல்ல, கடமைக்காக, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அந்தச் செய்தியை அனுப்பியே ஆக வேண்டும். அதற்குத்தான் நாடாளுமன்றம். அதற்குத்தான் அண்டை நாடுகளின் உறுப்பினர்கள் ஒரு மேசைக்கு வர வேண்டும். அதற்குத்தான் ஐயா, பார்லிமெண்ட் கதை நமக்கு வேண்டும்!

அடுத்த கூட்டத்தொடரில் இந்த வரைவை முன்வைக்கக் கோரும் மனு, வாசலருகே மேசையில் இருக்கிறது. தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறோம், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கெடாவின் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பிரதி போகிறது. உங்கள் உறுப்பினர் கோயில் விழாவுக்கு வருவார், திருமணத்துக்கு வருவார். மாலை போடுங்கள், மறுக்கவில்லை. போட்டுவிட்டு, அந்த வரைவு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்.

சசிதரன் ஐயாவின் கை மணிமேல் போய்விட்டது. என்னை இங்கே பேச அழைத்த நம் ஊர் மன்றத்தாருக்கும், வெயிலில் வந்து பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தங்கள் துயரத்தை என் நாவில் நம்பி வைத்த லோகேஸ்வரிக்கும் மருதம்மாளுக்கும், அக்கரையில் முகமறியாத ஒருவனைத் தங்கள் மண்ணில் கிடத்திய அந்தக் கைகளுக்கும் என் நெஞ்சின் நன்றி. முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். பேனாக்கள் போதுமான அளவு இருக்கின்றன. நெரிசல் இல்லாமல் வரிசையாய் வாருங்கள்.

வணக்கம்.