‘ங்க’ போனதால் உயிர் போன படம்

பெஞ்சையே மேடையாக்கி வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! துக்கம் காக்கிறேன் என்று டீக்கடையை மூடி எங்கள் துக்கத்தை இரட்டிப்பாக்கிய நஞ்சப்பன் அவர்களே! தறியை நிறுத்தி இந்தப் பட்டறையில் கூடியிருக்கும் சூலூர்ப் பெரியோர்களே! படத்துக்கு வராமல் இரங்கலுக்கு மட்டும் தவறாமல் வந்திருக்கும் என் தெருக்காரர்களே! எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் கிருபா. பிளஸ் டூ படிக்கிறேன். மறைந்த ‘வாரேனுங்க’ திரைப்படத்தில் கூட்டமாக நடித்தவள். கூட்டத்தில் அல்ல, கூட்டமாக! சந்தைக் காட்சியில் தாவணியை மாற்றி மாற்றி நான் ஒருத்தியே பாதிச் சந்தை.

ஆம், செத்தது மனிதரல்ல, படம். அதைப் பெற்ற இயக்குநர், நம் ஊர் விசைத்தறிக்காரர் ஐயாசாமி அண்ணன், அதோ கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பல்லடம் தியேட்டரில் மறுநாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள். பாடையைத் தூக்கக்கூட உறவுக்காரர் வரும்வரை பொறுப்பார்களே!

படத்தில் குறை இல்லையா? உண்டு. நொய்யலில் வெள்ளம் வர வேண்டிய இடத்தில் தண்ணீர் லாரி வந்தது. வெள்ளத்தோடு லாரியின் நம்பரும் தெரிந்தது. நம் கருப்பாத்தாள் அக்கா செத்துக் கிடப்பதாக நடித்த காட்சியில் பக்கத்துப் பண்ணைக் கோழி வந்து காலைக் கொத்த, பிணம் “ச்சூ!” என்றது. அதற்குச் சிரித்தீர்களா? சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் படம் அதனால் சாகவில்லை. கொன்றார்கள்!

சென்னையில் குரல் சேர்க்கும்போது விநியோகஸ்தர் கேட்டாராம்: “என்னய்யா இது, வெட்டுக்குத்துல கூட மரியாதையா? வில்லன் ‘உங்களை வெட்டிப்போடுவனுங்க’ன்னா எவன்யா பயப்படுவான்? அந்த ‘ங்க’வை எல்லாம் எடு!”

“ஏனுங்க, எங்கூர்ல கோவம் வந்தாத்தானுங்க மரியாதையே ஜாஸ்தியாகும்” என்று அண்ணன் மன்றாடினார். யார் கேட்டது? பெயரில் இருந்த ‘ங்க’வையும் நறுக்கி, ‘வாரேன்’ என்றே போஸ்டர் ஒட்டினார்கள்.

குரலில் எடுத்தார்கள். வாயில் எடுக்க முடியுமா? சத்தம் நின்ற பிறகும் திரையில் எல்லார் வாயும் அசைந்துகொண்டே இருந்தது. “ஏப்பா, ஊரே வெத்தல போட்டிருக்குதா?” என்று ஒருவர் கத்தினார். தியேட்டரே கைதட்டியது. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

நம் நாக்கை ஒருவர் நறுக்குகிறார், நாமே அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறோம்! மதுரைப் பேச்சைக் கேட்டால் கண் கலங்குவோம், மெட்ராஸ் பேச்சுக்கு விசிலடிப்போம். நம் ஆத்தா பேசுகிற பேச்சு என்றால் மட்டும் காமெடியா? படம் ஓடவில்லை என்கிறீர்கள். ஓடவிட்டீர்களா? ஓட்டினீர்கள்! பார்க்காதவர்கள்கூட டீக்கடையில் உட்கார்ந்து ஓட்டினீர்கள். நீங்கள் விட்ட ரீலெல்லாம் சேர்த்தால் இன்னொரு படமே எடுத்திருக்கலாம்.

விளைவு என்ன தெரியுமா? “இனிக் கேமராவத் தொட மாட்டேன் கண்ணு. பெட்டியப் பழைய இரும்புக்குப் போட்டர்றேன்” என்றார் அண்ணன். நேற்றுப் போட்டும் விட்டார். படச்சுருளோடு, படப்பிடிப்பில் நாங்கள் ‘ங்க’ போட்டுப் பேசியதைப் பதிந்த ஒலிநாடாவும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

இருந்தது என்று அண்ணன் நினைக்கிறார்.

அண்ணா, கோவிச்சுக்காதீங்க. பூட்டிய பெட்டியைத் திறந்து பார்க்காமலே எடைக்குப் போட்டுவிட்டீர்கள். உள்ளே போனது நாடாதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது இந்தப் பட்டறையில் உடைந்து கிடந்த, ஊடு நூலை இழுத்து ஓடும் தறி நாடா! கனத்துக்கு நாலு செங்கலும் வைத்துப் பூட்டியது நான்தான். ஒலிநாடாவும் படச்சுருளும் தலைவர் அமர்ந்திருக்கும் பெஞ்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. தலைவரே, பயப்படாதீங்க, காலை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்க.

வரும் ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, படம் ஓடும். கோயில் திருவிழா நோம்பிக்குப் படம் காட்டுகிறவரிடம் புரொஜெக்டர் சொல்லியாயிற்று. திரைக்கு இந்தச் சுவர், சத்தத்துக்கு டேப் ரெக்கார்டர். வாய்க்கும் சத்தத்துக்கும் கொஞ்சம் முன்பின் ஆகலாம். லாரி வரும், கோழியும் வரும். நீங்கள் வருவீர்களா?

நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிற எவரும் போகிறேன் என்று சொல்வதில்லை. இந்தப் படமும் சொல்லவில்லை.

ஆகவே மௌன அஞ்சலி வேண்டாம். வாயை மூடியது போதும். அண்ணன் முகத்தைப் பார்த்தபடி எல்லாரும் எழுந்து நின்று, படத்தின் பெயரை ஒரே ஒரு முறை முழுசாகச் சொல்லுங்கள்.

‘ங்க’வோடு!