பட்டுப்புடவையில் பங்க்

சனிக்கிழமை மதியம் ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் தெருவில், தோசைக் கடை வரிசையில் எனக்கு முன்னால், ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணும் ஆணும் நின்றிருந்தார்கள். கல்லூரி நண்பர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. இருவரும் உயிராக நேசித்த, 'பங்க்' என்ற அடங்காத ராக் இசையின் பாடகர் அந்த வாரம் இறந்திருந்தார். அன்று சாயங்காலம் ரசிகர்கள் கூடி அவர் பாட்டுகளைப் பாடப் போகிறார்கள்.

"பட்டுப்புடவையில வந்து பாடுவியா? அந்த மனுஷனுக்கே அவமானம்டி!" என்றார் நண்பர்.

"இதுக்கப்புறம் ஒரு கல்யாண ரிசப்ஷன் இருக்கு, அங்கேருந்து நேரா டிரைவ் பண்ணி வருவேன். மாத்த டைம் இல்லடா."

"பங்க்னா கிழிஞ்ச லெதர் ஜாக்கெட், அது முழுக்க சேஃப்டி பின். அதான் ரூல்."

"ரூல் போட்டாலே அது பங்க் இல்ல. அவரு ஒரு ஷோவுக்குப் பைஜாமால வந்தாரே, மறந்துட்டியா?"

நண்பர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமா. கிடார் கம்பி அறுந்தும் நிறுத்தாம பாடினாரு."

"அப்புறம், பின்னுன்னு சொன்னியே. என் புடவைக்கு எத்தனை பின் குத்துவேன் தெரியுமா? உன் ஜாக்கெட்ல ஒண்ணாவது இருக்கா?"

ஹூஸ்டன் வெயிலிலும் தோல் ஜாக்கெட் போட்டிருந்தவர் குனிந்து பார்த்தார். ஒன்றுகூட இல்லை.

அவர்களுக்கு முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஆன்ட்டி ஒருவர் திரும்பினார். தாலிச் சங்கிலியில் கோத்திருந்த பின்களில் இரண்டைக் கழற்றி நண்பரிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, குத்திக்கோ. பாட்டு எத்தனை மணிக்கு? நானும் வரேன்."