கசப்பு பார்க்கும் வேலை

தேநீரில் சர்க்கரை போதுமா என்று கேட்டீர்கள். போதும், மேடம். இனிப்பு எனக்கு நன்றாகவே தெரியும். உப்பும் புளிப்பும் தெரியும். கசப்பு ஒன்றுதான் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

ஆலையை நேற்றே பார்த்துவிட்டீர்கள் என்று சொன்னார்கள். அந்தச் சிமெண்டுத் தொட்டிகளில் ஊறுவது லூபின் விதை. மூட்டையில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். நாங்கள் கசப்பான் என்போம். மஞ்சளாக, தட்டையாக, சட்டைப் பொத்தான் போல இருக்கும். வேகவைத்து, பிறகு நாள் கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் தின்னலாம். வேகவைத்தால் மட்டும் போதும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகவேண்டும்.

கசப்பு நீங்காத விதை விஷம். பெரிய விஷம் என்று சொல்லமாட்டேன். தெரியாமல் இரண்டு தின்றால் நாக்கு வறளும், அவ்வளவுதான். கிண்ணம் கிண்ணமாகத் தின்றால் கண்மணி விரியும், பார்வை மங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பேச்சு குழறும். கசப்பு போய்விட்டால் விஷமும் போய்விட்டது. அந்த விதையில் எனக்குப் பிடித்ததே அதுதான். தன் கெடுதலை ஒளித்து வைக்காது. நாக்கில் பட்டதும் சொல்லிவிடும்.

கேட்பதற்கு ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு நான்தான். தொட்டியின் மேலே, நடுவே, அடியில் என்று விதை எடுத்து, முன்பல்லால் கடித்து, அடிநாக்கில் ஒரு நிமிடம் வைத்திருந்து துப்புவேன். நான் தலையசைத்தால் வடிகுழாயைத் திறப்பார்கள். அசைக்காவிட்டால் இன்னொரு தண்ணீர். வாசலில் லாரிகள் நிற்கும், ஓட்டுநர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மேலாளர் கையைப் பிசைவார். என் தலை அசையும்வரை ஒன்றும் நகராது. ஆலையில் என் பெயரே நாக்கக்கா. சோதனைக்கு ஒரு மெஷின்கூட வாங்கி வைத்தார்கள். மேலாளர் அதற்குத் துணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டு, "மெஷின் பொய் சொல்லும், நாக்கக்கா சொல்லமாட்டாங்க" என்பார்.

வீட்டில் கதை வேறு. என் கணவர் தையல்காரர். பொடி எழுத்தைப் போலத் தையல் போடுவார். சாப்பாட்டிலும் அதே நுணுக்கம். ஒரு வாய் வைத்துப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார், ஒற்றை விரலால் தட்டைத் தள்ளிவைப்பார். "உப்பு போட்டியா, இல்ல டப்பாவை மட்டும் திறந்து காட்டினியா?" என்பார். கூட உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஊருக்கே சுவை பார்த்துச் சொல்கிறவளுக்குச் சொந்த அடுப்பில் உப்பு நிற்கவில்லை என்பது நல்ல வேடிக்கைதானே. இத்தனை வருடத்தில் அவர் என் தட்டைப் பார்த்த அளவுக்கு என் முகத்தைப் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. பல வீடுகளில் அப்படித்தான்.

பிறகு அவருக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை கொஞ்சம் அசையும். முகம் மட்டும் தப்பித்தது, நினைவும் தப்பித்தது. நாக்கு பேசாதே தவிர சுவை தெரியும். கஞ்சியில் உப்பு கூடினால் புருவம் அசையும். அந்தப் புருவத்தை நான் இளம் வயதிலிருந்தே படித்துவந்தவள். யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் படுத்தேன். எழுந்து வேலைக்குப் போன அன்று ஒரு விதையைக் கடித்துக்கொண்டு யோசனையாக நின்றிருந்தேன். தண்ணீர் மாற்றும் பெண், தொட்டிக்காரி என்போம், கொஞ்சம் வாய் அதிகம், என்னையே வாயைப் பிளந்து பார்த்தாள்.

"நாக்கக்கா, உங்களுக்கு இருக்கறது நாக்கா, செருப்புத் தோலா? நேத்து வெந்த விதை அது. அதைப் போய் மென்னுக்கிட்டு நிக்கிறீங்களே."

நான் துப்பிவிட்டு, "பழக்கம்டி" என்றேன். அவள் நம்பினாள். என் வாயில் மாவு மாதிரி ஏதோ இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஏன் மேலாளரிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் என்னைப் பொட்டலம் ஒட்டும் மேசைக்கு அனுப்பியிருப்பார், மரியாதையாகத்தான். அந்த மெஷினின் துணியை எடுத்திருப்பார்கள். நான் தலையசைப்பதற்காக இந்த உலகத்தில் காத்திருந்த ஒரே இடம் அது. வருவார்கள், காத்திருப்பார்கள். அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. இது பெரிய காரணமா என்று தெரியவில்லை. இருந்த காரணம் இதுதான்.

அன்று மாலை ஒரு டப்பாவில் கொஞ்சம் விதை எடுத்துவந்தேன். தோல் நீக்கி, ஒன்றை மட்டும் மசித்து என் கணவர் நாக்கில் வைத்தேன். மூக்கின் ஓரம் சுருங்கி, கண் மூடி, முகம் முழுவதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மறுநாள் காலை அந்தத் தொட்டியைக் காட்டி, "இன்னொரு தண்ணி" என்றேன். மேலாளர் உச்சுக்கொட்டினார், ஆனால் மாற்றினார். மூன்றாம் நாள் என் கணவர் முகம் அமைதியாக இருந்தது. நான் தலையசைத்தேன். லாரி போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு எளிதாக இருந்தது, மேடம். மாலையில் எடுத்துப்போவேன், காலையில் தலையசைப்பேன்.

ஒரே ஒரு வித்தியாசம். நாங்கள் சுவைத்ததும் துப்பிவிடுவோம். அவருக்குத் துப்ப வராது.

ஒரு விதை, இரண்டு விதைதானே என்று இருந்தேன். பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. சுளிப்பில் அளவு உண்டு. லேசாகச் சுளித்தால் விதை சரியா, இன்னொரு தண்ணீர் வேண்டுமா? அதைத் தெரிந்துகொள்ள முழுச் சுளிப்பு எப்படி இருக்கும் என்பது தினமும் கண்ணெதிரே இருக்கவேண்டும். தராசு வைத்திருப்பவர்கள் காலையில் எடைக்கல்லை வைத்துச் சரிபார்ப்பார்கள் அல்லவா, அதுபோல. அதனால் அன்றைக்கு வெந்த விதையில் கொஞ்சம் முதலில் கொடுப்பேன். பிறகு பார்க்கவேண்டிய விதை. அதன்பின் வாய் கழுவத் தண்ணீர். ஒழுங்காகத்தான் செய்தேன். ஒரு நாளும் தண்ணீர் கொடுக்க மறந்ததில்லை.

நாத்தனார் வாரத்துக்கு ஒரு முறை வருவாள். அவருடைய தங்கை. அண்ணன் மேல் உயிர். ஒரு தடவை ஜன்னல் திரையை விலக்கிவிட்டு அவர் முகத்தருகே குனிந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் கண்ணு ஏன் இப்படி விரிஞ்சு கெடக்கு? இருட்டுல பூனை பாக்கற மாதிரி இருக்கு."

"வாதக்காரங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"உதடெல்லாம் வெடிச்சிருக்கு. தண்ணி குடுக்கறீங்களா இல்லையா?"

"நீ வந்து ஒரு வாரம் இருந்து குடேன்" என்றேன்.

"அய்யோ, இவரைத் திருப்திப்படுத்த உங்களாலதான் முடியும். நான் வெச்ச கஞ்சியை அண்ணன் என் மூஞ்சியிலயே துப்பிடுவாரு" என்று சிரித்தாள். அவரைப் பார்த்து, "இல்லண்ணா?" என்றாள். அவர் இடது கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது. "பாசம் அண்ணி, பாருங்க" என்றாள். மருத்துவரும் வந்து பார்த்துவிட்டு, மூளையில் அடிபட்டவர்களுக்கு இதெல்லாம் வரும் என்றார். படித்தவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். கரண்டியைக் கொண்டுபோனால் அதன் ஒற்றை விரல் வந்து கரண்டியைத் தள்ளும், அந்தக் காலத்தில் தட்டைத் தள்ளியது போலவே. விதை சிந்திப்போகும். அதனால் அந்த நேரத்தில் கையைப் போர்வைக்குள் வைத்து ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவேன். குளிர்காலமும் கூட.

அதில் எனக்குச் சந்தோஷமா என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டுதான் அவர் எதிரே உட்காருவேன். ஏன் தலை வாரினேன் என்று எனக்குத் தெரியவில்லை. கரண்டியை எடுத்ததும் அவர் என் முகத்தையே பார்ப்பார், கண்ணை எடுக்காமல். அப்படி ஒருவர் என்னைப் பார்த்தது அதற்கு முன் நடந்ததில்லை.

கோடை தொடங்கும்போது அவர் சுளிப்பது நின்றது. முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. விதை நன்றாக ஊறுகிறது, மாற்றிவிடும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வெந்த விதைக்குக்கூடச் சுளிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும், பழகிவிட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். தலையசைத்தேன். அந்தத் தொட்டி ஒரு மாணவியர் விடுதிக்குப் போனது.

பெண்கள் வரிசையாக மயங்கினார்கள் என்று தொலைபேசி வந்தது. கண் தெரியவில்லை என்று அழுதார்களாம். நல்லவேளையாக எல்லோரும் பிழைத்து வீட்டுக்குத் திரும்பினார்கள். மேலாளர் தொட்டிக்காரியைக் கூப்பிட்டார்.

"தண்ணி மாத்தினியா இல்லையா, உண்மையைச் சொல்லு."

"என் பிள்ளைங்க மேல சத்தியமா மாத்தினேன் சார். நாக்கக்கா பாத்துத்தானே அனுப்பினாங்க? அக்கா, சொல்லுங்கக்கா."

அவள் தண்ணீர் மாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தபோது சரியாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். பிறகு யாரோ பச்சை விதையைக் கலந்திருக்கவேண்டும் என்று அவர்களே முடிவுசெய்தார்கள். பழி தொட்டிக்காரி மேல் விழுந்தது. அவள் கையுறையைக் கழற்றித் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல வேலைக்காரி.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. வருத்தம்தான். அன்றைக்கு வெந்த விதை ஒன்றை அவர் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. முகம் மட்டும் அசையவில்லை. தாடையை இறுக்கி, நெற்றியை இறுக்கி, கல்லாகப் படுத்திருந்தார். அப்போது புரிந்தது. நாக்கு கெடவில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறார். சுளித்தால் மறுநாளும் கரண்டி வரும், சுளிக்காவிட்டால் நான் விட்டுவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது நான் மாட்டிக்கொள்ளட்டும் என்று. எதுவானாலும் அந்தப் பெண்கள் மயங்கியதற்கு யார் காரணம் என்று நீங்களே சொல்லுங்கள். நான் அவரை நம்பித்தானே தலையசைத்தேன்?

மறுநாள் போகவேண்டிய தொட்டி பள்ளிக்கூடங்களுக்கானது. சின்னக் குழந்தைகள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். அதிலிருந்து ஒரு டப்பா நிறைய எடுத்துவந்திருந்தேன். மசித்தேன். போர்வையைச் செருகினேன்.

முதல் கரண்டிக்கு முகம் அசையவில்லை. விதை சுத்தமாக இருப்பதாலா, அவர் பொய் சொல்வதாலா? தெரியாமல் நான் எப்படித் தலையசைப்பது? இரண்டாவது கொடுத்தேன். "குழந்தைங்க சாப்பிடப் போறது. சொல்லிடுங்க" என்றேன். மரியாதையாகத்தான் கேட்டேன். என்னையே பார்த்தார். மூன்றாவது. பிறகு எண்ணவில்லை. டப்பாவின் அடி தெரிந்தபோது அவர் முகம் கடைசியாக இழுத்துக்கொண்டது. மூக்கு, கண், உதடு எல்லாம். கசப்பினாலா, வேறு எதனாலாவதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். சுளிப்பு சுளிப்புதான். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கரண்டியைக் கழுவி வைத்தேன், வாய் துடைத்துவிட்டேன்.

காலையில் மூச்சு வேகமாக இருந்தது. உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்திருக்கலாம், ஆமாம். ஆனால் நான் போய்ச் சொல்லாவிட்டால் அங்கே வடிகுழாயைத் திறந்துவிடுவார்கள். போனேன். லாரி நின்றிருந்தது. "இன்னொரு தண்ணி" என்றேன். மேலாளர் உடனே மாற்றச் சொன்னார். மறுபடி தண்ணீர் ஏறும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

மதியம் நாத்தனார் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதற்குள் அவர் மூச்சு நின்றிருந்தது. போர்வையை எடுத்தது அவள்தான். கை மெத்தைக்கு அடியில் இருந்ததைப் பார்த்தது அவள். டப்பாவை உங்களிடம் கொடுத்ததும் அவள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அண்ணன் அல்லவா.

நான் கொடுத்தேன். கையைச் செருகி, வாயைத் திறந்து, டப்பா காலியாகும்வரை நான்தான் கொடுத்தேன். அது கொலை என்றால் கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களில் விசாரித்துவிட்டு எழுதுங்கள். அந்தத் தொட்டி விதையைத் தின்ற ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேடம்.