டௌவெயின் நகல்

— விளையாடாத டௌவெ. நம்ம மதகு புரோகிராமோட நகல் உன் கம்ப்யூட்டர்ல இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு.

— நம்மதா? போன வாரம் என்னைக் குழுவுலேர்ந்து வெளிய தள்ளினப்ப ‘எங்களோடது’ன்னுல்ல சொன்ன, ஹிஸ்கே? வாங்கம்மா, கிராம்பு போட்ட சீஸ், தின்னு பாருங்க. பிடிச்சா வாங்குங்க.

— புதுசா சேந்த பொண்ணு எழுதி அனுப்பினதை ஊர் பாக்க ‘சாணி’ன்னு எழுதினியே, பின்ன மாலையா போடுவாங்க?

— சாணின்னது தப்பு. தள்ளினது நியாயம். அதோட விட்டியா? புரோகிராம்ல யார் எப்ப எதை மாத்தினாங்கங்கற சரித்திரத்துலேர்ந்து என் பேரையே சுரண்ட உக்காந்தியே!

— யார் சொன்னா?

— உன் மூஞ்சி. சந்தைல கடை போட்டவன்கிட்ட மூஞ்சியை மறைக்க முடியுமா?

— சரி, சுரண்டினேன். கோவம். உன் மாத்தங்களை மட்டும் உருவலாம்னு போனேன். அது மேல மத்தவங்க கட்டினதெல்லாம் சேந்து சரிஞ்சுது. பாக்காம அப்படியே சர்வர்ல திணிச்சுட்டேன். சம்பளமில்லாம இத்தனை பேர் உக்காந்து எழுதினது, மூணு மாச வேலை, போச்சு.

— போனா என்ன? ஆளுக்கொரு முழு நகல் இருக்குமே. அதுக்குத்தானே இந்த ஏற்பாடே. ஒருத்தன்கிட்ட வாங்கித் திருப்பி ஏத்து.

— சரித்திரத்தை மாத்தினா நாம என்ன பண்ணுவோம்? ‘பழைய நகலை வெச்சுக் குழப்பாதீங்க, அழிச்சுட்டுப் புதுசா இறக்கிக்கங்க’ன்னு எல்லாருக்கும் எழுதுவோம்ல? எழுதினேன். எல்லாரும் அழிச்சுட்டாங்க.

— ஒருத்தன் கூடவா சோம்பேறி இல்ல? அநியாயம்!

— நீதான் மிச்சம். மதகெல்லாம் காலைலயே அந்தப் புதுசை வாங்கிக்கிச்சு. இனி நீர்மட்டம் காட்டற மானி உறைஞ்சு நின்னா மதகு தானாத் திறந்துக்கும், அந்தப் பழைய கோளாறு. இன்னிக்குக் கடல் ஏறப்போகுது டௌவெ. கீழ்ப்பண்ணைல மாடுங்க கட்டிக் கிடக்கு, மனுஷங்க இருக்காங்க.

— அந்தக் கோளாறைச் சரி பண்ணினது யாரு?

— நீ.

— சத்தமா. சீஸ் வாங்க வந்த அம்மாவுக்குக் காது கேக்கல.

— நீதான்யா! சந்தைக்கே கேட்டுச்சா?

— அப்ப விலை பேசலாம். என் பேரு திரும்பி வரணும்.

— வரும்.

— என்னை உள்ள சேக்கணும்.

— முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளு.

— அதெல்லாம் கேட்டாச்சு. ஒரு முழு சீஸையும் வாங்கிக்கிட்டுத்தான் மன்னிச்சா. பாக்கி நீதான்.

— நான் செஞ்சது ஈனத்தனம். உன் மேல இருந்த ஆத்திரத்துல எல்லாரோட உழைப்பையும் அழிச்சேன். போதுமா? இன்னும் கீழ எறங்கணுமா? கெஞ்சிக் கேக்கறேன், கம்ப்யூட்டரைத் திற.

— திறந்து என்ன செய்ய? என் பேரை எங்கெங்கயோ சுரண்டின, கடிதம் போறவங்க பட்டியல்ல விட்டுட்ட. ‘அழிச்சுடுங்க’ன்னு எனக்கும் வந்துச்சு. சொன்ன பேச்சைக் கேக்கறவன்னு நீ திரும்பச் சேத்துப்பியோன்னு ஒரு நப்பாசை, முதல் ஆளா அழிச்சேன். இல்லாத சரக்கைத்தான் இவ்வளவு நேரம் வித்தேன் ஹிஸ்கே, உன் வாயால ஒரு தடவை கேக்கணும்னு. இந்தா, இந்தப் படுதாவைப் பிடி, கடையைக் கட்டுவோம்; கீழ்ப்பண்ணை மதகைக் கையால இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் பத்தாது.