கம்பிப்பாறையில் போட்ட முடிச்சு

விடியற்காலை நாலரை மணி. ஆரணியிலிருந்து போளூர் போகிற ரோடு... ஈ காக்கை இல்லை. கடைசி ரைஸ்மில் தாண்டியதும் விளக்கும் இல்லை. அந்த இருட்டில் ஒரு வேன் போகிறது. உள்ளே நெசவுத் தெரு ஆட்கள், தூங்கி வழிந்துகொண்டு. பின் சீட்டில் ஒருத்தன் மட்டும் தூங்கவில்லை. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திப் பிடித்திருக்கிறான். பைக்குள் ஒரு நூல்கண்டு.

இருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது, தறியெல்லாம் நின்று போச்சு, சும்மா உட்கார்ந்து கொசுவுக்குத் தீனி போடுவதற்குப் பதில் இதையாவது கேளுங்கள். நடுவில் யாரும் இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது. ஏய் சின்னப்பையா, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. இப்படி நகர்ந்து வா. ஏன் என்று கேட்காதே, நகர்ந்து வா.

இது நம் துரைக்கண்ணு மனைவியின் பெரியப்பா மகனுக்கு நடந்தது. துரைக்கண்ணு அளந்து விடுகிற ஆள்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொன்ன அன்றைக்கு அவன் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தான். நடிக்கிற அளவுக்கு அந்தப் பயலுக்குச் சாமர்த்தியம் கிடையாது.

தொண்ணூற்றொன்பது, தை மாதம். ஆளின் பெயர் சந்திரமோகன். பட்டு நெசவு. அவனுக்கு ஒரே தம்பி, ஹேமநாத். இரண்டு பேரும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர்கள். ஹேமநாத் இடதுகைக்காரன். அறுந்த இழையை அவன் முறுக்கி முடிந்தால் முடிச்சு இடது பக்கம் படுக்கும். உலகத்துக்கே வலது பக்கம், இவனுக்கு மட்டும் இடது. தெருவே கேலி பண்ணும்.

காலையில் தெரு நீளத்துக்கு நெடுக்கு நூலை இழுத்துப் பாவு விரிப்பார்கள் இல்லையா, இவர்களும் விரிப்பார்கள். அண்ணன் இந்தக் கோடி, தம்பி அந்தக் கோடி. பாவைச் சுற்றுகிறவன் தம்பி. சத்தம் போட்டுக் கூப்பிடுவதெல்லாம் கிடையாது. அவன் தயாரானதும் இரண்டு சின்ன இழுப்பு இழுப்பான்... டக், டக். பதிலுக்கு அண்ணன் இரண்டு இழுத்தால்தான் அவன் சுற்ற ஆரம்பிப்பான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஹேமநாத் முந்தின வருஷம் மலையில் விழுந்து செத்தான்.

கலசப்பாக்கம் தாண்டி ஒரு மலை. கம்பிமலை என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வார்கள். சாமி கும்பிட ஏறுகிறவர்கள் உண்டு, சும்மா ஏறிப் பார்க்கிறவர்களும் உண்டு. தை மாதத்தில் ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு, நெசவுத் தெரு சேக்காளிகள் கிளம்பிப் போவார்கள். விடிந்ததும் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். வழி காட்டுவதற்கு அடிவாரத்து ஆள் ஒருவன் கூட வருவான். காத்தவராயன். அவன் இல்லாமல் அந்த மலையில் ஏறுவது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் இல்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மொட்டைப் பாறை, சுவர் மாதிரி நிற்கும். இரும்புக் கம்பி அடித்து வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கேதான் ஹேமநாத்தின் கால் வழுக்கியது. மேலே நின்ற அண்ணனைப் பார்த்து, "ணா, கை குடு" என்றான். இவன் கையை நீட்டினான். விரல் நுனி பட்டது. அவ்வளவுதான் பட்டது.

வீட்டில் தம்பி மனைவி தேவிப்ரியா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அப்பன் முகம் பார்க்காத பெண் குழந்தை பிறந்தது. காவ்யா என்று பேர் வைத்தார்கள். அந்தக் குழந்தை சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்த்து அழும். பால் குடிக்காது. நாளுக்கு நாள் நார் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். ஆனால் ஹேமநாத்தின் அம்மா ராஜம்மாள் ஒரு நாள் பெரியவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அவன் வந்து வந்து போறான்டா. வாசல்ல நின்னு கொழந்தைய பாத்துகினே இருக்கறான். பச்ச கொழந்த... அவன் கூப்ட்டா போயிடும்டா. மலையில செய்ய வேண்டியத நாம செய்யல. போயி அவன் நூல அறுத்துட்டு வா."

அதற்காகத்தான் அந்த வேன். சட்டைப் பையில் இருந்தது ஹேமநாத் தறியில் மிச்சம் கிடந்த அரக்குப் பட்டு நூல்.

அடிவாரத்தில் காத்தவராயன் முறையைச் சொன்னான்.

"அவரு தொட்ட நூலுதானேணா? நல்லது. அவரு உளுந்த எடத்துல கம்பியில ஒரு முனைய கட்டணும். கண்டு உங்ககிட்ட இருக்கட்டும். கீழ பாத்தாப்ல நின்னுகினு ஒரே இழுப்பு. அறுந்திச்சா, கண்ட அங்கியே போட்டுட்டு எறங்கிகினே இருக்கணும். திரும்பக் கூடாது. அவங்க வழி அவங்களுக்கு, நம்ம வழி நமக்கு. அறுந்தத மட்டும் தொடவே கூடாது, ஆமா."

ஏறினார்கள். முதலில் முள்ளுக்காடு. அப்புறம் உருளைக் கல், காலை வைத்தால் கல்லும் கூடவே வரும். அதற்கும் மேலே ஆள் உயரப் புல், கசக்கினால் எலுமிச்சை வாசனை. தறிக்குழியில் மிதித்துப் பழகின கால்கள் மலைக்கு ஆகுமா? பாதியிலேயே ஆளாளுக்குக் கல்லில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள். காத்தவராயன் மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தடியால் பாறையைத் தட்டுவான். டொக்... டொக். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். போன வருஷம் இதே வழியில் ஹேமநாத் விகடம் பண்ணிக்கொண்டே ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

கம்பிப்பாறை. வெயில் உச்சி மண்டையில். ஆனால் பாறை மட்டும் சில்லென்று இருந்தது. பக்கத்துக் குகையிலிருந்து வௌவால் புழுக்கை நாற்றம். மற்றவர்களைக் கீழே நிறுத்திவிட்டு சந்திரமோகன் மட்டும் ஏறினான். தம்பி கடைசியாகப் பிடித்திருந்த கம்பியில் நூலைக் கட்டினான். கீழே பார்த்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு.

டப்.

அறுந்தது. சரியாகத்தான் செய்தான். அதற்கப்புறம்தான் கெட்டது. காற்று அடித்தது. கம்பியில் தொங்கிய முனை பறந்து வந்து அவன் மணிக்கட்டில் பட்டது. நெசவுக்காரன் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த இழை விரலில் பட்டால் கை சும்மா இருக்குமா? தூக்கத்தில்கூட முடிந்துவிடும். இவன் விரல்கள் இரண்டு முனையையும் பிடித்தன, முறுக்கின, முடிந்தன. கண் திறந்து பார்க்கிறான்... முடிச்சு போட்டாயிற்று.

திரும்ப அறுத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. அவன் அறுக்கவில்லை. போன வருஷம் விரல் நுனியோடு விட்டுப் போன கை ஞாபகம் வந்துவிட்டது. பாவி, மனசு வரவில்லை. கண்டை மறுபடி பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

கீழே காத்தவராயன், "அறுத்துட்டீங்களாணா?" என்று கேட்டான்.

"அறுத்துட்டேன்."

"கண்டு?"

"அங்கியே போட்டுட்டேன்."

இறக்கத்தில் சந்திரமோகன்தான் கடைசி ஆள். முன்னால் தடி தட்டுகிற சத்தம்... டொக்... டொக். அவன் சட்டைப் பைக்குள் வேறு ஒரு சத்தம். கிர்ர்ர்... கிர்ர்ர்... கண்டு சுற்றிச் சுற்றி நூலை விட்டுக்கொண்டே வந்தது. புல் தாண்டியும் சுற்றியது. முள்ளுக்காட்டில் எங்கும் மாட்டவில்லை, அறுபடவில்லை. அவ்வளவு தூரத்துக்கு அந்தக் கண்டில் நூல் ஏது? பையைத் தொட்டுப் பார்த்தான். கண்டு குறையவே இல்லை.

அடிவாரம் வருகிற நேரத்துக்குக் கண்டு நின்றது. நூல் விறைத்தது.

அப்புறம்... டக், டக்.

இரண்டு சின்ன இழுப்பு.

சந்திரமோகனுக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அவன் கை தானாக நூலுக்குப் போனது. வருஷக்கணக்காகப் பதில் இழுத்துப் பழகின கை. அந்த நேரம் பார்த்துக் காத்தவராயன் முன்னாலிருந்து, "இன்னாணா நின்னுட்டீங்க? ஜல்தி வாங்க, பொழுது போவுது!" என்று கத்தினான். கை நின்றது. பதில் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், ராஜம்மாள் வாயெல்லாம் பல். குழந்தை அழவில்லையாம். மத்தியானத்திலிருந்து வயிறு நிறையப் பால் குடித்ததாம்.

"அறுத்துட்ட இல்ல? என் வயித்துல பால வாத்தடா" என்றாள்.

சந்திரமோகன் தூளியை எட்டிப் பார்த்தான். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்து இல்லை. அவனுக்குப் பின்னால், வாசலைப் பார்த்து. வீடு முழுக்க எலுமிச்சை வாசனை. கூடவே கொஞ்சம் வௌவால் நாற்றம்.

அன்றைக்கு ராத்திரி அவன் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. விடிந்ததும் அந்தக் கண்டையும் எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், காத்தவராயன் வாசலில் போய் நின்றான். நடந்ததைச் சொன்னான். காத்தவராயன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"முடிச்சா? யாராச்சும் போடுவாங்களாணா? எவனும் இந்த மாரி பண்ணது இல்லியே!"

"கை போட்டுடுச்சுப்பா."

"கை போட்டுச்சு, சரி. அப்பால கண்ட எடுத்துகினு வந்தீங்களே, அதுவும் கையா?"

இரண்டு பேரும் ஏறினார்கள். நேற்றைய ஏற்றத்திலேயே கால் வீங்கியிருந்தது. உருளைக் கல்லில் தவழ்ந்துதான் போனான். குழந்தை, குழந்தை என்று அதையே சொல்லிக்கொண்டு போனானாம். கம்பிப்பாறையில் நூல் அப்படியே இருந்தது. இவன் போட்ட முடிச்சும் இருந்தது, வலது பக்கம் படுத்து. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு முடிச்சு... புதுசு. இடது பக்கம் படுத்து.

காத்தவராயனுக்கு அது புரியவில்லை. சந்திரமோகனுக்குப் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஹேமா, உட்ருடா. அது உன் கொழந்ததான்டா. நல்லா இருக்கட்டும்டா, உட்ருடா" என்று பாறையைப் பார்த்துச் சொன்னான். கீழே பார்த்து நின்றான். ஒரே இழுப்பு. டப். இந்தத் தடவை காத்தவராயன் அவன் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்டு பாறையில் உருண்டு, பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்டதாம். திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்கள். பையில் ஒன்றும் இல்லை, கிர்ர்ர் இல்லை, இழுப்பும் இல்லை. போன வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சந்திரமோகன் நெஞ்சு நிறைய மூச்சு விட்டான்.

ஆரணியில் பஸ் இறங்கும்போது விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்குள் நுழைந்தான். வாசல் கதவைத் தாழ் போட்டான். தேவிப்ரியா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ராஜம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"மாமா... மத்தியானம் தூளியிலேர்ந்து எடுக்கசொல்ல பாத்தேன். நான் கட்டல மாமா. அத்தையும் கட்டலயாம்."

துணியை விலக்கிக் காட்டினாள். குழந்தையின் அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு. அதில் ஒரு அரக்குப் பட்டு நூல் முடிந்திருந்தது. முடிச்சு இடது பக்கம் படுத்திருந்தது.

அந்த நூல் மடியிலிருந்து இறங்கி, தரையில் போய், தறிக்குழி ஓரமாகப் போய்... தாழ் போட்ட வாசல் கதவுக்கு அடியில் வெளியே போயிருந்தது.

தேவிப்ரியா பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள். சந்திரமோகன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"வேணாம்மா! மலையில அறுத்தேன், இடுப்புல வந்து கட்டிட்டான். இங்க அறுத்தா... எங்க கட்டுவானோ..."

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. யாரும் அசையவில்லை. குழந்தை மட்டும் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நூல் மெல்ல மெல்ல தரையை விட்டு எழும்பியது. விறைத்தது.

டக், டக்.

சந்திரமோகன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். உயிரே போனாலும் பதில் கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவன் கொடுக்கவில்லை. சத்தியமாக அவன் கொடுக்கவில்லை.

மடியில் கிடந்த காவ்யா, அந்தச் சின்னக் கையை நீட்டி நூலைப் பிடித்தாள். இடது கை. பிடித்து... இரண்டு தரம் இழுத்தாள்.